எட்டாத ஒயர்

சர்ரென்று ஒரு சத்தம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை வாசலில் மெக்கானிக் ஒருவர் என் மொபெட்டின் பிரேக் ஒயரை அதன் உறையிலிருந்து உருவிக்கொண்டிருந்தார். எண்ணெய் தோய்ந்த கம்பி வழுக்கி வரும் அந்தச் சத்தத்தில் எனக்கு மொபெட் மறந்துபோனது. ஒரு திரைச்சீலை, அதற்கு அந்தப் பக்கம் அத்தர் வாசனை, மூச்சு விடலாமா என்று கேட்ட ஒரு குரல். எது முன்னே, எது பின்னே? முப்பது வருஷமாகியும் எனக்குக் குழப்பம்தான்.

ஐம்பதுகளின் நடுவில் திருவள்ளூரில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். அதை ஸ்டூடியோ என்று சொன்னது நானும் வாசல் போர்டும் மட்டும். சொத்து ஒரே ஒரு மடக்குக் கேமரா. மூடினால் டிபன் டப்பா, திறந்தால் ஆர்மோனியம் மாதிரி துருத்தி நீட்டும். ஷட்டரில் திருகிக்கொள்ள நீளமான ஒயர் ஒன்று உண்டு. இந்த முனையைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே கம்பி நகர்ந்து அந்த முனையில் படம் விழும்.

அந்த ஒயரைக் கேள்விப்பட்டுத்தான் பழவேற்காட்டிலிருந்து காதர் பாய் வந்தார். அவர் அக்கா அன்னிய ஆண் முன்னால் உட்கார மாட்டார். சின்ன வயதில் பினாங்கு போன மகனோ, உம்மா முகம் மறந்துகொண்டே வருகிறது, ஒரு படம் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தான். ஊர்க்காரர் ஒருவர் கப்பலேறப் போகிறார். நான் திரைக்கு வெளியே நின்று ஒயரை அழுத்தினால் போதும்.

"கழுவறப்ப நீங்க பாப்பீங்களே?" என்றார் பாய்.

அதை நான் யோசித்திருக்கவே இல்லை. "பாக்காம கழுவறேன் பாய்" என்று வாய் சொல்லிவிட்டது.

அந்த வாரமே, ஊத்துக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், ஒயரைக் கழற்றாமல் கேமராவை மடக்கினேன். மடக்குக் கேமராக்காரர்கள் ஒருமுறையாவது செய்கிற காரியம். ஒயர் நசுங்கி, கம்பி நகர மறுத்துவிட்டது.

புது ஒயர் தேடி மெட்ராஸ் மூர் மார்க்கெட்டுக்கு ஓடினேன்.

"எந்தக் கேமராவுக்கு நைனா?" என்றார் கடைக்காரர்.

"மடக்கறதுக்கு."

"எல்லாந்தான் மடங்குது. மரை ஊசியா, மொக்கையா?"

கேமராவை எடுத்துப் போகவில்லை. ஊசி என்றேன். வீட்டுக்கு வந்து திருகினால் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது, என் தலையைப் போல. மறுபடி போனேன், கேமராவோடு. மரை பொருந்தியது. ஆனால் ஒயர் ஒரு சாண்.

"நீளமா இல்லியா?"

"இதுவே கப்பல்ல வந்தது. இன்னும் நீளம் வோணும்னா நீயே கப்பல் ஏறிப் போய் வாங்கிக்கினு வா."

அந்த ஒரு சாணோடு பழவேற்காடு போனேன். கூடத்தின் இந்தக் கோடியில் திரை, அந்தக் கோடியில் நாற்காலி, கேமரா நிற்க வேண்டியது அதன் எதிரே. நாளன்னைக்குக் கப்பல் என்றார் பாய். நான் ஒயரைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன், கருவாட்டு வாசனை அடித்த வாசலைப் பார்த்தேன்.

"ஒயரு எட்டலன்னா திரைய கிட்ட இழுத்துக்கினு வாங்களேன்" என்றது உள்ளிருந்து அக்காவின் குரல். "துணிதானே அது."

மெட்ராஸ் முழுக்க அலைந்தவனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். திரை தொங்கிய கொடியை மாற்றிக் கட்டினார்கள். இரண்டு சீலைகளுக்கு நடுவே லென்ஸின் மூக்கு மட்டும் உள்ளே, நான் வெளியே. தூரம் தெரிய வேண்டுமே? அக்காவின் மகள் கையால் அளந்து "நாலு முழம்" என்றாள். கேமராவிலோ அடிக் கணக்கு. அவள் கை என்ன நீளமோ. ஆறு என்று வைத்தேன், அஞ்சரைக்கு நகர்த்தினேன், திரும்ப ஆறு.

"அசையாதீங்க உம்மா."

"மூச்சு உடலாமா தம்பி?"

"கொஞ்சமா உடுங்க."

சிக் என்றது. எதைப் பிடித்தேன் என்று தெரியாது.

சொன்ன சொல்லுக்காகச் சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டுக் கழுவினேன். படத்தைக் குப்புறவே கண்ணாடியில் ஒட்டிக் காயவைத்து, முதுகுப் பக்கமாகவே எடுத்து உறையில் போட்டேன். உள்ளே இருப்பது முகமா, வெறும் மூட்டமா?

ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது உரக்கடை. மூர் மார்க்கெட்டும் இல்லை. அந்த ஒரு சாண் ஒயர் எந்தப் பெட்டியோடு போனதோ. மொபெட்டுக்குப் புது ஒயர் கேட்டதும் கிடைத்துவிட்டது. கூலியைக் கொடுத்துவிட்டும் நான் நகரவில்லை, காதில் இன்னும் பழவேற்காட்டுத் திரையே அசைந்துகொண்டிருந்தது.

படம் எடுத்த மறுநாள் நான் கொண்டுபோய்க் கொடுத்த உறை அந்தத் திரைக்கு உள்ளே போய் வெகு நேரம் கசமுசா. பிறகு குரல் திரையருகே வந்தது.

"தம்பி, எம்பொண்ணு படத்துல கீறது நான்தான்னு சொல்றா. எந்தம்பி வேற ஆளுன்றான். கண்ணாடி பாத்தே நாளாச்சு எனக்கு. வேற ஆளுன்னா அனுப்பி இன்னா பிரயோஜனம்? நீங்க சொல்லுங்க, என்னாட்டம் கீதா?"

நான் அவரையும் பார்த்ததில்லை, படத்தையும் பார்த்ததில்லை. பார்க்கவில்லை என்றால் படம் கப்பலேறாது. அவரைப் போலவே இருக்கிறது என்றால், பாக்காம கழுவறேன் என்ற என் சொல் போச்சு.



"உங்களாட்டமேதான் கீது உம்மா."

வளையல் சத்தம் நின்றது.

"அப்ப பாத்துட்டீங்க."

நான் வாசலில் செருப்பைத் தேடினேன்.

"சரி, போவட்டும். எம்மவன் அடையாளம் கண்டுக்குவானில்ல?"

"கண்டுக்குவாரு உம்மா."