வெர்னீஸ் வாயைத் திறக்காத ஞாயிற்றுக்கிழமை

எங்கள் நியூ லோமன் ஊர் பேஸ்பால் அணிக்குப் பதினோரு வருஷமாக நான்தான் மேனேஜர். அந்தப் பதினோரு வருஷமும் வெர்னீஸ் ஹோல்ட்காம்ப்பிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். டிராக்டர் உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நிற்கும் அம்மா. வயது அறுபத்தொன்று. ஒரு பெல்ட் வாங்கப் போனால்கூட, போன வாரம் ஆறாவது இன்னிங்ஸில் நான் செய்த தப்பைச் சொல்லிவிட்டுத்தான் பில் போடுவார்.

"ஏப்பா டுவைன், ஒருத்தன் முதல் பேஸ்ல நிக்கிறான், யாரும் அவுட் ஆகல. அதுக்குள்ள எதுக்கு மட்டையை நீட்டித் தட்டிவிடச் சொல்ற? ஒரு அவுட்டை இனாமாக் குடுக்க அது உன் அப்பன் வீட்டுச் சொத்தா?"

லீக் விதிகளும் அவர் வாய்க்குத் தப்பாது. ஆட்டம் நீண்டால் இரண்டாம் பேஸில் ஒருத்தனைச் சும்மா கொண்டுபோய் நிறுத்தும் புது விதியைக் கேட்டாலே அந்தம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "அங்க போய் நிக்க அவன் என்னத்தக் கிழிச்சான்?" என்பார். பந்து போடும் பிட்சர் களைத்த பிறகும் மாற்றாமல் விட்டுவைக்கிறேன் என்பது என்மேல் நிரந்தரப் புகார். வலைக்குப் பின்னால் முதல் வரிசையில் உட்கார்ந்து அந்தம்மா போடும் சத்தம் சோளக்காடு தாண்டிக் கேட்கும்.

போன வசந்தத்தில் எங்கள் ஸ்கோரர் அரிசோனாவுக்குக் குடிபோனார். எனக்கு ஒரு குறுக்குப் புத்தி தோன்றியது. ஸ்கோரர் கூண்டில் உட்கார்ந்தவர் கத்தக்கூடாது, அணிக்கு யோசனை சொல்லக்கூடாது. வேலையை வெர்னீஸுக்குக் கொடுத்தேன். காது நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் கொடுத்தேன், வேறு மரியாதையெல்லாம் இல்லை. அந்தம்மா விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மறுவாரம் ஆட்டம் தொடங்கியதும் கூண்டு அமைதியாக இருந்தது. பெஞ்சில் பையன்கள் எனக்குக் கை கொடுத்தார்கள்.

ஆகஸ்டில் பர்க்வில்லோடு கடைசி ஆட்டம். ஜெயித்தால் மாநிலப் போட்டி. பதினெட்டு வருஷமாக நாங்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. சர்ச் முடிந்து ஊரே நேராக மைதானத்துக்கு வந்துவிட்டது, சாசேஜ் இரண்டாவது இன்னிங்ஸிலேயே தீர்ந்தது.

ஏழாவது இன்னிங்ஸில் பர்க்வில் மேனேஜர் எல்டன் ப்ரூகர் ஒரே நேரத்தில் இரண்டு ஆட்களை மாற்றி, ஒரு நெட்டையனையும் ஒரு குட்டையனையும் இறக்கினார். அடிக்கும் வரிசையில் நெட்டையன் ஏழாவது, குட்டையன் எட்டாவது என்று அம்பயரிடம் சொன்னார். அம்பயர் அதை என்னிடமும் வெர்னீஸிடமும் வந்து சொன்னார். நான் சீட்டில் எழுதிப் பையில் வைத்தேன். எல்டனோ தன் பெஞ்சில் ஒட்டியிருந்த தாளில் இரண்டு பெயரையும் தவறிப்போய் இடம் மாற்றி எழுதிவிட்டார்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். மூன்றுக்கு மூன்று சமம், பர்க்வில்லுக்கு இரண்டு அவுட், இரண்டாம் பேஸில் ஒருத்தன். நெட்டையன் வர வேண்டிய இடத்தில் குட்டையன் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் பார்க்கவில்லை. பிட்சரை மாற்றலாமா, இன்னும் ஒரு ஆளுக்கு விடலாமா என்று என் மண்டை வேறெங்கோ இருந்தது. விட்டேன். குட்டையன் அடித்தான், ரன் வந்தது.

அந்த நொடியில்கூட எல்லாம் என் கையில் இருந்தது. வரிசை தப்பி வந்தவன் அடித்தால், அடுத்தவனுக்கு முதல் பந்து போடுவதற்குள் எதிரணி மேனேஜர் அம்பயரிடம் சொன்னால் போதும். வர வேண்டியவன் அவுட், ரன் செல்லாது. ஒரு பந்து போட்டுவிட்டால் போச்சு. நான் பிட்சரிடம் போய் முதுகைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பந்து போட்டாயிற்று. எங்கள் முறையில் ரன் வரவில்லை, நாலுக்கு மூன்றில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் வெர்னீஸ் ஸ்கோர் புத்தகத்தோடு எங்கள் பெஞ்சுக்கு வந்தார்.

"டுவைன், ஒன்பதாவதுல வரிசை மாறி வந்தாங்க. உன் சீட்டை எடுத்துப் பாரு."

எடுத்தேன். என் கையெழுத்தே என்னைப் பார்த்துச் சிரித்தது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அவன் பெஞ்சை விட்டு எழுந்திரிச்சப்பவே."

"அப்புறம் ஏன் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? இத்தனை வருஷம் ஒவ்வொரு பந்துக்கும் கத்தினீங்களே!"

"அப்ப நான் ரசிகை. இப்ப ஸ்கோரர். வரிசை தப்பினா ஸ்கோரர் யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு விதி. அதைப் பாக்கிறது மேனேஜர் வேலை." அவர் புத்தகத்தை மூடினார். "பதினெட்டு வருஷம் நானும்தானப்பா காத்திருந்தேன். பென்சிலைக் கடிச்சே துப்பிட்டேன்."

நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பையன்கள் முன்னால் சொன்னேன். அந்தம்மா புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொல்லியிருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவரோ அன்று மாலையே பாரில் கேட்டவர்களுக்கெல்லாம் நடந்ததை நடந்தபடி சொன்னார். ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சொந்தத் தம்பியே, "அக்கா, நீ எந்த ஊர்க்காரி?" என்று கேட்டானாம். உதிரிபாகம் வாங்கச் சிலர் அடுத்த ஊருக்குப் போனார்கள். நானும் போனேன். பையில் சீட்டை வைத்துக்கொண்டு தூங்கியவன் நான், பழி அவருக்கு.

ஜனவரியில் லீக் கூட்டம். எட்டு ஊர் மேனேஜர்களும் ஸ்கோரர்களும் வந்திருந்தார்கள். வெர்னீஸ் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். இறுதிச் சுற்றில் இரண்டு அணியும் ஆளுக்கொரு ஸ்கோரரைக் கொண்டுவருவதும், கணக்கு ஒத்துப்போகாமல் சண்டை பிடிப்பதும் வருஷா வருஷம் நடக்கிற கூத்து. அதற்கு ஒரு விதி போட வேண்டும் என்று பேச்சு வந்தது.

எல்டன் ப்ரூகர் எழுந்தார்.

"எங்க ஆளு வரிசை தப்பினது எனக்கே வீட்டுக்குப் போனப்புறம்தான் தெரிஞ்சது. அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க மாநிலப் போட்டிக்குப் போயிருக்க மாட்டோம். விதி எதுவேணா போடுங்க. நியூ லோமன்ல ஆடுறப்ப இனிமே நாங்க ஸ்கோரரைக் கூட்டிட்டு வரமாட்டோம். அவங்க எழுதுறது எங்களுக்குப் போதும்."

மற்ற ஆறு ஊர்க்காரர்களும் ஒவ்வொருவராக, எங்களுக்கும் அப்படியே என்றார்கள். இப்படி ஒரு பெயர் எங்கள் ஊருக்கு எந்தக் கோப்பையாலும் வந்ததில்லை. எழுந்து கடைசி வரிசைக்குப் போய் வெர்னீஸ் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் நகர்ந்து இடம் விட்டார்.

முன்வரிசையில் இருந்த, வெர்னீஸை முன்பின் பார்த்திராத புது மேனேஜர் ஒருவர் திரும்பி, "இவங்க யாரு?" என்று கேட்டார்.

"எங்க ஸ்கோரர்" என்றேன்.