வாழைத்தார் ஏற்ற ஒரு இரும்புத் தட்டு

எங்கள் வாழைத் தோட்டம் ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, மேலூரைத் தாண்டி இருக்கிறது. ஒன்றரை ஏக்கர்தான், ஆனால் நாடா மாதிரி நீளம். ரோட்டிலிருந்து கடைசி வரிசைக்குப் போய்ச் சேருவதற்குள் செருப்பில் ஒரு கிலோ சேறு ஏறிவிடும். என் கணவர் அம்மாமண்டபம் ரோட்டில் மருந்துக் கடை வைத்திருக்கிறார். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் மேலூரில் இருக்கும் ஒரு அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தார் வெட்டினால் தலையில் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவருவதும் அவரும் அவர் கூட்டி வரும் பெண்களும்தான்.

கணவர் ஒரு பழைய மினி டிராக்டர் வாங்கினார். வாழை வரிசைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து போகிற சின்ன வண்டி. வாங்கிய பிறகுதான் தெரிந்தது, உழுவதைத் தவிர அதனால் எங்களுக்குப் பெரிய உபயோகம் இல்லை என்று. பின்னால் டிரெய்லர் மாட்டினால் வரிசைக்குள் திரும்ப முடியாது.

அக்காதான் ஒருநாள் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். "ஏன் டீச்சர், கலப்பைய மாட்டித் தூக்குதுல்ல, அந்த எடத்துல ஒரு பலகைய வச்சுத் தாரைத் தூக்கக் கூடாதா?"

நியாயமான கேள்வி. கலப்பை மாட்டும் மூன்று இணைப்புகளிலும் பொருந்துகிற மாதிரி இரும்பில் ஒரு தட்டு செய்தால் போதும். நோட்டில் அளவோடு படம் போட்டுப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் அடுத்த வாரம் வரச் சொன்னார். அடுத்த வாரம், ஆடி கழியட்டும் என்றார். மூன்றாவது முறை போனபோது நோட்டையே தொலைத்திருந்தார். வீட்டுக்கு வந்து, நானே வெல்டிங் மிஷின் வாங்கப் போகிறேன் என்றேன். கணவர் சிரிக்கவில்லை. "என் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றார்.

என் நாத்தனார் கைலாசபுரத்தில் இருக்கிறாள். தொழிற்சாலையில் மற்றவர்கள் வைத்த வெல்டிங்கைச் சோதித்து, தேறுமா தேறாதா என்று சொல்வது அவள் வேலை. என்னைவிட எட்டு வயது சின்னவள். அந்த ஞாயிற்றுக்கிழமையே முகக்கவசம், தோல் கையுறை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மிஷினை வைத்தோம். கணவரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் வெல்டிங் ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இரண்டாவதும் அப்படியே.

"வெளிச்சத்தப் பாக்காதீங்க அண்ணி. அதுக்குக் கீழ இரும்பு உருகிக் குட்டி குட்டை மாதிரி நிக்கும். அதைப் பாருங்க. அதைக் கூட்டிக்கிட்டு மெதுவா நடங்க."

"எனக்குப் புகைதான் தெரியுது."

"போகப்போகத் தெரியும். அவசரப்படாதீங்க."

ஒரு மணி நேரம் கழித்து அந்தக் குட்டை தெரிந்தது. ஆரஞ்சு நிறத்தில், சொட்டுத் தேன் மாதிரி, ராடு போகிற பக்கமெல்லாம் கூடவே வந்தது. சந்தோஷத்தில் வேகமாக இழுத்துக் கோடு கோணலாகிவிட்டது. நாத்தனார் சுத்தியலால் மேல் கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தாள். பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து, என் இரும்பின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். இருபத்து மூன்று வருஷமாகப் பிள்ளைகளின் பேப்பரில் நான் போட்டுக்கொண்டிருக்கும் குறி. வாங்கினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாலை நேரங்களில் பழகினேன். ஒருநாள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த கணவரின் வேட்டியைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். பொறி பட்டு ஏழு ஓட்டை. அவர் அதையே கட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

"யாராவது கேட்டா என்ன சொல்வீங்க?"

"வீட்ல வெல்டிங் நடக்குதுன்னு சொல்லுவேன்" என்றார். யாரும் கேட்காதபோதும் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் என்னை ரோட்டில் பார்த்து விசாரித்தார்கள்.

பாலக்கரையில் இரும்பு வாங்கி வந்து தட்டுக்கான சட்டத்தைச் செய்ய ஆரம்பித்தேன். ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். முடித்துத் தரையில் வைத்தால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு தடக் தடக் என்று ஆடியது. நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"ஒரே பக்கமா முழுசாப் போட்டீங்களா அண்ணி?"

"ஆமா."

"அதான். சூட்டுல இழுத்துக்கும். நாலு மூலையிலயும் மொதல்ல பொட்டு மாதிரி வச்சுப் பிடிங்க. அப்புறம் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். கோலத்துக்குப் புள்ளி வச்சிட்டுத்தானே கோடு இழுக்கறீங்க?"

அறுத்துப் பிரித்து மறுபடி செய்தேன். இந்த முறை ஆடவில்லை.

தட்டை மாட்ட ஒரு நல்ல நாள் பார்ப்பதற்குள் காற்று முந்திக்கொண்டது. ஒரு சாயங்காலம் அடித்த காற்றில் ஐம்பது, அறுபது வாழை சாய்ந்துவிட்டன. முற்றிய தார்களை மழைக்கு முன்னால் வெளியே கொண்டுவர வேண்டும். மறுநாள் நான் லீவு போட்டேன், கணவர் கடையைத் திறக்கவில்லை.

டிராக்டரில் மாட்டிய தட்டை அக்கா இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். சருகு பரப்பிப் பன்னிரண்டு தார் அடுக்கினோம். கணவர் வண்டியில் உட்கார்ந்து லீவரை இழுத்தார். தட்டு ஏறியது. கூடவே டிராக்டரின் முன் சக்கரம் இரண்டும் சேற்றை விட்டு மேலே கிளம்பின. கணவரின் முகம் வெளுத்துவிட்டது.

"எறக்குங்க, எறக்குங்க" என்று கத்தினேன்.

முன் சக்கரங்கள் சொத்தென்று தரையில் உட்கார்ந்தன. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ன டீச்சர், வண்டி குதிரையாட்டம் நிமிருது?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நெம்புகோல் கணக்கு வருஷா வருஷம் போர்டில் போடுகிறவள் நான். பின்னால் எவ்வளவு ஏற்றினால் முன்பக்கம் கிளம்பும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். ஆறு தாரை இறக்கிவிட்டு, லீவரைப் பாதி மட்டும் தூக்கி ஓட்டினோம். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாத் தாரும் ரோட்டில் இருந்தன. அன்றைக்கு ஒருவர் தலையிலும் சும்மாடு ஏறவில்லை. கடைசி நடையில் அக்கா கையை வீசிக்கொண்டு டிராக்டருக்கு முன்னால் நடந்து வந்தார். அந்தத் தோட்டத்தில் அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் காலி எண்ணெய் டின் இரண்டில் கான்கிரீட் கொட்டி, எடைக்காக டிராக்டரின் முன்னால் தொங்கவிட ஒரு கொக்கிச் சட்டமும் செய்தேன். இப்போது பன்னிரண்டு தார் ஏற்றினாலும் வண்டி அடக்கமாக நிற்கிறது. நாத்தனார் தோட்டத்துக்கே வந்து ஒவ்வொரு இணைப்பாகத் தட்டிப் பார்த்தாள். ஒன்றை மட்டும் அறுத்துத் திரும்பப் போடச் சொன்னாள். மற்றதையெல்லாம் விரலால் தடவிவிட்டு, "தொழிற்சாலையில இது வந்தா பாஸ் பண்ண மாட்டேன். வாழைத் தோட்டத்துக்குத் தாராளமாப் போதும்" என்றாள். அந்த மார்க்கே எனக்குப் பெரிதாக இருந்தது.

வெட்டிய வாழை மட்டைகளை ஓரத்துக்கு வாரித் தள்ள, பல் வைத்த சட்டம் ஒன்றை அடுத்துச் செய்தேன். அதை முடித்த அன்று அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். "எங்க வீட்டு இரும்புக் கேட்டுல கீல் போயிருச்சு டீச்சர். கவுத்தால கட்டி வச்சிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை மிஷினை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனேன். தெருவே வேடிக்கை பார்த்தது. பதற்றத்தில் கீலைத் திருப்பி வைத்துவிட்டேன் போலிருக்கிறது. உள்ளே திறக்க வேண்டிய கேட் வெளியே திறந்தது. அறுத்து மாற்றுகிறேன் என்றேன். அக்கா இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார்.

"வேணாம், இருக்கட்டும். இப்பத்தான் கேட்டுக்கு உள்பக்கம் கட்டில் போட எடம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, காபி போட உள்ளே போனார்.