அஸ்தமனம் 6.09

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது என் அண்ணனின் தொழிற்சாலை. உள்ளே நுழைந்ததும் வரவேற்பறைச் சுவரில் ஒரு சின்னக் கரும்பலகை தெரியும். ஆரம்பப் பள்ளிகளில் வைத்திருந்த அளவு. இடது ஓரத்தைக் கரையான் கொஞ்சம் தின்றிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மேலே தனி விளக்கும் போட்டிருக்கிறார்கள். 'இன்று அஸ்தமனம் 6.09' என்று அதில் எழுதியிருக்கிறது. முதலில் அது சாக்பீஸ் எழுத்துத்தான். அழிந்துவிடும் என்று பயந்து, பிற்பாடு பெயிண்டரைக் கூப்பிட்டு அதன்மேலேயே எனாமலில் எழுத வைத்தார்கள். புளிக்காய்ச்சல் கொள்முதலுக்கு வருகிற வியாபாரிகள் அதை நேரந்தவறாமைக்கு ஓர் அடையாளம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வரவேற்பில் இருக்கும் பெண்ணும் அப்படித்தான் விளக்கம் சொல்கிறாள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் தன் பணிக்காலம் முழுவதும் அந்தப் பலகை ஒரு ஓட்டலை இழுத்து மூடவைக்கத்தான் பார்த்தது.

அண்ணன் என்றால் என் பெரியப்பா மகன். என்னைவிட மூன்று வயது பெரியவர். மேல்சித்தாமூரைச் சுற்றியுள்ள ஊர்களில் எங்களைப் போன்ற சமண நயினார் குடும்பங்கள் நெடுநாளாக விவசாயம் செய்துவருகின்றன. பொழுது சாய்ந்த பிறகு எங்கள் வீடுகளில் சாப்பிட மாட்டார்கள். விளக்கைத் தேடி வரும் பூச்சி அடுப்பிலோ இலையிலோ விழுந்து சாகக்கூடாது என்பது காரணம். பெரியப்பா இதில் சுற்றுவட்டாரத்திலேயே கறாரானவர். அவரிடம் இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் அஸ்தமன நேரம். அதற்கு முன்பே மேகம் மூடினால், இரண்டாவது. உள்ளங்கையை விரித்துப் பார்க்க வேண்டும், ரேகை தெரியவில்லை என்றால் அன்றைய சாப்பாடு முடிந்தது. இந்த விதியை முதலில் மீறியவன் நான்தான். பத்திரிகை வேலைக்குப் போனவனுக்கு இரவில்தான் பசிக்கும்.

அண்ணன் உயர்நிலைப் பள்ளிக்குத் திண்டிவனம் போனார். விடுதியில் ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு. முதல் வாரம் முழுக்க அவர் பட்டினியாகப் படுத்தார். இரண்டாவது வாரம் சமையல்காரரிடம் பேசி, தன் பங்கை மட்டும் ஐந்தரைக்கே வாங்கிக்கொண்டார். சில நாள் விளையாட்டு முடிய நேரமாகும் என்பதால் மந்தாரை இலையில் கட்டித் தரச் சொன்னார். மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து அவர் அதைப் பிரிப்பதைப் பார்த்த மற்ற பையன்களுக்கு, அதே விடுதியின் அதே புளிச்சோறு இலைக்குள் வேறு சோறாக வாசம் அடித்தது. மாதம் முடிவதற்குள் பதினோரு பேர் தாங்களும் இரவில் உண்ணாதவர்கள் என்று வார்டனிடம் எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒருவன் மரக்காணத்து மீனவர் வீட்டுப் பையன்.

பிறகு சென்னையில் கல்லூரி. பொருளாதாரத்தில் இரண்டு முறை தவறி மூன்றாவது முறை தேறினார். பட்டம் வந்ததும் திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. கடை வைக்க அனுமதி கேட்டு வரும் மனுக்களுக்கு வரிசை எண் போடுவது அவர் பொறுப்பு. இரண்டு வருஷம் போட்டார். "ஊர்ல இருக்கறவன்லாம் கடை தொறக்கறான். நான் நம்பர் போட்டுக்கினு ஒக்காந்திருக்கேன்" என்று ஒருநாள் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு, ராஜினாமாக் கடிதத்தை எழுதி அவர் கையிலேயே கொடுத்தார். பெரியப்பா மறுநாள் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை மூட்டைகளோடு திண்டிவனம் மண்டிக்குப் போக இருந்தார், போகிற வழியில் அலுவலகத்தில் சேர்த்துவிடுவார் என்று ஏற்பாடு. அண்ணன் விழுப்புரத்துக்கு பஸ் ஏறி, ஜங்ஷனுக்கு எதிரே ஓட்டலுக்கு இடம் பிடித்தார்.

பெரியப்பா அவ்வளவு லேசாகச் சம்மதித்தது எனக்கு அப்போதே ஆச்சரியமாக இருந்தது. அரிசியும் புளியும் வீட்டிலிருந்தே அனுப்புவதாகச் சொன்னார். நிபந்தனை இரண்டு. பொழுது சாய்ந்தால் அடுப்பு எரியக்கூடாது, அந்தக் கூரையின் கீழ் யாரும் சாப்பிடவும் கூடாது. தைக்குத் தை ஒரு வருஷம். அதற்குள் கடை நிலைக்காவிட்டால் அண்ணன் மறுபேச்சு இல்லாமல் ஆபீஸ் நாற்காலிக்குத் திரும்ப வேண்டும். ராஜினாமா செய்தவன் எந்த நாற்காலிக்குத் திரும்புவது என்று அன்று யாரும் கேட்கவில்லை.

விழுப்புரம் ஜங்ஷனைத் தெரிந்தவர்களுக்கு இந்த நிபந்தனையின் அழகு புரியும். அங்கே வியாபாரமே ராத்திரியில்தான். தெற்கே போகிற வண்டிகள் இருட்டிய பிறகே ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். மற்ற ஓட்டல்காரர்கள் பகலில் தூங்கிவிட்டுச் சாயங்காலம்தான் கல்லைக் காயவைப்பார்கள். அண்ணன் அந்த நேரத்துக்கு அணைப்பார். வாசலில் கரும்பலகையை மாட்டி, பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தினமும் நேரம் எழுதினார். அந்தச் சமயத்தில் நான் ஒரு சென்னை நாளிதழுக்கு விழுப்புரம் நிருபராக வந்து சேர்ந்தேன். அவருடைய கடைசி பெஞ்சுதான் என் அலுவலகம். சாப்பிட உட்கார்ந்தவரைப் பாதி தோசையில் எழுப்பி அனுப்பிய ஓட்டலை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். பஞ்சாங்கப்படி அரை மணி நேரம் பாக்கியிருக்கும், ரேகை தெரியாது. வாடிக்கையாளர்கள் தெருவில் இறங்கி, உள்ளங்கையை வானத்துக்குக் காட்டி, தெரிகிறது தெரியவில்லை என்று வாதாடுவார்கள். புதிதாக ஊருக்கு வந்த ஒருவர் ஜோசியர் எங்கே என்று கேட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்.

பெரியப்பா வாரம் ஒருமுறை பஸ் ஏறி வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காருவார். கடைக்கு உதவியாக அல்ல, சூரியனுக்குக் காவலாக. மீந்த இட்லியையும் புளிச்சோற்றையும் அடுப்பணைக்கும் முன்பே மந்தாரை இலையில் கட்டி, சமையல்காரரும் பரிமாறுபவரும் வீட்டுக்கு எடுத்துப்போக அண்ணன் வைத்துவிடுவார். விடுதியில் பழகிய கை. அந்த வருஷம் கடையில் ஒழுங்காக நடந்தது அந்த ஒரு காரியம்தான். பதினோரு மாதம் ஆனபோது, இடத்துக்குச் சொந்தக்காரர் சைக்கிள் கடைக்கு ஆள் பார்க்கத் தொடங்கியிருந்தார். அண்ணன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். மனுக்களுக்கு நம்பர் போடும் கனவு மறுபடி வருவதாக என்னிடம் சொன்னார்.

தை மாதத்தின் கடைசி வாரம், ரம்ஜான் நோன்புக் காலம். பலகையில் 6.09. பக்கத்துப் பீடிக்கடை பாய் பேரீச்சம்பழத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சோத்த நிறுத்தற நேரம் நம்மளுக்கு ஆரம்பம். பள்ளிவாசல்ல சொல்றதும் உன் போர்டும் ஒரு நிமிஷம் தப்பாது நயினாரு" என்பார். அன்று பெரியப்பாவும் வந்திருந்தார். ஆறு ஒன்பதுக்கு பாய் பழத்தை வாயில் போட்டார், அண்ணன் அடுப்பில் தண்ணீர் தெளித்தார். அந்த நிமிஷத்தில் குடையும் தோல்பையுமாக ஒருவர் படியேறினார். திண்டிவனம் அலுவலகத்தில் அண்ணனுக்கு மேலே இருந்த தலைமை எழுத்தர். திருச்சிக்கு வண்டி மாறப் போகிறவர். அகோரப் பசியில் வந்தவர் அண்ணனைப் பார்த்து அப்படியே நின்றார்.

"உனக்கு மஞ்சள் காமாலை இல்ல?" என்று கேட்டார்.

அண்ணன் இல்லை என்றார். எப்போதும் வந்ததில்லையே என்றார்.

"போன மாசியில டைபாய்டு. ஆடியில முதுகுத்தண்டு. இப்ப மூணு மாசமா காமாலை. வைத்தியர் சர்ட்டிபிகேட் என் மேசையில இருக்குது. காமாலைக்காரன் எண்ணெய்ச் சட்டிகிட்ட இன்னா பண்ணிக்கினு இருக்கிறே?"

"நான்தான் போன தையிலயே ராஜினாமா குடுத்துட்டேனே சார்."

"எங்கிட்ட லீவு லெட்டர்தான் வந்துகினு இருக்குது."

பெரியப்பா கல்லாவுக்குப் பக்கத்தில் பஞ்சாங்கத்தைப் புரட்டத் தொடங்கினார். வாழ்நாளில் பொய் சொல்லாத மனிதர் என்று ஊரில் பெயர் வாங்கியவர். அண்ணன் அவரைப் பார்த்தார். சமையல்காரர் பார்த்தார். பாய் வாயிலிருந்த பேரீச்சங்கொட்டையைத் துப்பாமல் பார்த்தார்.

தலைமை எழுத்தர் பெஞ்சில் உட்கார்ந்து, விஷயத்தை அப்புறம் பேசலாம், முதலில் நாலு இட்லியும் காபியும் வரட்டும் என்றார். பெரியப்பா அண்ணனிடம் மெல்லக் குனிந்து, "குடுத்துடேன்டா" என்றார். அண்ணன் வெளியே போய் உள்ளங்கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "ரேகை தெரியலப்பா" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் பெரியப்பாவைச் சுட்டிருக்க வேண்டும்.

 பிறகு பெரியப்பா எழுந்து, சமையல்காரருக்குக் கட்டி வைத்திருந்த பொட்டலத்தை எடுத்துத் தலைமை எழுத்தரின் கையில் வைத்தார். "வெளிச்சத்துல ஆக்குனது, வெளிச்சத்துல கட்டுனது. எங்க கூரைக்குக் கீழ மட்டும் பிரிக்காதீங்க. அதோ பிளாட்பாரம். அங்க இருக்கற இருட்டு ரயில்வேக்காரன் இருட்டு" என்றார். ஒரு வருஷமாக அந்தக் கடைக்குத் தேவைப்பட்ட தீர்ப்பை, கடைக்கு எதிரான கட்சியே எழுதிக் கொடுத்துவிட்டது. அதை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. அண்ணன் உணர்ந்துவிட்டார் என்பது அவர் சட்டென்று என் பக்கம் திரும்பிய வேகத்தில் தெரிந்தது.

கால் மணி கழித்துத் தலைமை எழுத்தர் திரும்பி வந்தார். இன்னொரு பொட்டலம் இருக்கிறதா என்று கேட்டார். அவர் பின்னால் பிளாட்பாரத்திலிருந்து மூன்று பேர். பெஞ்சில் அவருக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்தவர்களாம், வாசம் பொறுக்காமல் வந்திருந்தார்கள். மிச்சம் இருந்தவை நான்கே பொட்டலங்கள். பெரியப்பாவே எடுத்துக் கொடுத்தார். சமையல்காரர் அன்று வீட்டுக்கு வெறுங்கையோடு போனார்.

"நயினாரே, திங்கக்கெழம ஒண்ணு உங்க பையன் ஆபீசுக்கு வரணும், இல்ல ராஜினாமா வரணும். இனிமே வியாதி வரக் கூடாது" என்றார் தலைமை எழுத்தர்.

பெரியப்பா வாசலுக்குப் போய், பொட்டலத்தோடு வண்டியைப் பார்த்து ஓடுகிறவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி வந்து, இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் திறந்து, எட்டாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். வியர்வையில் மடிப்புகள் பழுத்திருந்தன. அண்ணனின் கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. அதைத் தலைமை எழுத்தரிடம் கொடுத்தார்.  ஊருக்குப் போய், பொய் சொன்ன மூன்று வியாதிகளுக்கு மூன்று மாதம் உப்பில்லாமல் சாப்பிட்டார் என்று பெரியம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் அடுப்பணைக்கும் முன் அண்ணன் நாற்பது பொட்டலம் கட்டினார். அந்த வாரக் கடைசியில் அது நூறைத் தாண்டியது. இட்லியைவிடப் புளிச்சோறு தாங்கும் என்றும், புளிச்சோற்றைவிடப் புளிக்காய்ச்சல் தாங்கும் என்றும் அவர் போகப் போகக் கண்டுபிடித்ததுதான் இந்தத் தொழிற்சாலை. சைக்கிள் கடைக்கு வேறு இடம் கிடைத்தது. பலகை மட்டும் அந்த 6.09-லேயே நின்றுபோனது. பொட்டலம் வந்த பிறகு அஸ்தமனத்தைப் பற்றி வாடிக்கையாளர்களுக்குக் கவலை இல்லாமல் போயிற்று. பாய்தான் அடுத்த ரம்ஜானில் குறைப்பட்டுக்கொண்டார்.

போன ஆனியில் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். அண்ணனுக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. கண்ணில் புரை வந்த பிறகு நாலு மணிக்கே அவருக்கு ரேகை தெரிவதில்லை. அறுவைக்கு ஒப்புக்கொள்ளாமல், இரவுச் சாப்பாட்டை மூன்றரைக்கு நகர்த்திக்கொண்டார். நான் போனது ஐந்து மணிக்கு. பலகைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசையில் ஒரு தட்டும், மந்தாரை இலைப் பொட்டலம் ஒன்றும் இருந்தன. வருகிறவருக்கு வெளிச்சம் இருந்தால் உள்ளே தட்டு, இல்லாவிட்டால் வெளியே பொட்டலம். அந்தச் சட்டம் இன்னும் மாறவில்லை.

"எனக்குத் தெரியல. உன் கையப் பாத்துச் சொல்லு, ரேகை தெரியுதா?" என்றார்.

விரித்துப் பார்த்தேன். சன்னல் வழியாக ஆனி மாத வெயில் என் உள்ளங்கையில்தான் விழுந்துகொண்டிருந்தது. நாற்பது வருஷம் பத்திரிகையில் இருந்தவன், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிப் பழகியவன். ஆனால் அந்தக் கூரையின் கீழ் அவருக்கு இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"தெரியலண்ணே" என்றேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியே போனேன்.