செத்த வீரனின் இடுப்பில் ரப்பர் செருப்பு

பழைய போர்ப் படம் எதைப் போட்டாலும் நான் கதையைப் பார்ப்பதில்லை, தப்பைத்தான் பார்ப்பேன். ராஜா காலத்துச் சிப்பாய் கையில் அம்மை ஊசித் தழும்பு இருக்கும். கோட்டைக்குப் பின்னால் கரண்ட் கம்பம் நிற்கும். தளபதி வாளைத் தூக்கினால் வாட்ச் கட்டிய இடம் மட்டும் வெளுப்பாகத் தெரியும். செங்கல்பட்டிலிருந்து சிறுசேரிக்குப் போகிற ஆபீஸ் பஸ்ஸில் போனில் படம் போட்டுக்கொண்டு எனக்கு இதே வேலைதான். வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தாலும் அப்படியே, என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிடுவார். "நிம்மதியா ஒரு சண்டைய பாக்க வுடறியா?"

விடமாட்டேன். தப்பைக் கண்டுபிடித்தால் எனக்கு அன்றைக்கு முழுக்க சந்தோஷம்.

என் மாமனார் லாரி ஓட்டி ஓய்ந்தவர். வாலிப வயதில், மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரையில் ஒரு ராஜா படத்துக்குப் போர்க் காட்சி எடுத்தார்களாம். கூட்டத்தோடு கூட்டமாக இவரும் எதிரிப் படையில் ஓடிச் செத்தாராம். இதைச் சொல்லும்போது அவர் முகமே மாறிவிடும். ஆனால் மாமியாரின் தம்பி, அச்சரப்பாக்கத்தில் உரக்கடை வைத்திருப்பவர், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து பிடித்துக்கொண்டார். எந்த விசேஷத்துக்குப் போனாலும், "வாங்க ஸ்டாரு. உங்க மூஞ்சி மட்டும் படத்துல எங்கியும் காணோமே மாமா?" என்பார். போன தடவை அவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் வைத்து, புதுச் சம்பந்திகளுக்கு எதிரில், "எங்க மாமா புளுகுல மட்டும் ஹீரோ" என்று சொல்ல, வரிசையே சிரித்தது. மாமனார் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டார். இனி அவன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

அந்தத் தம்பியின் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. "என் பொறந்த வூட்டு விசேஷத்துக்கு நான் மட்டும் தனியா போயி நிக்கணுமா?" என்று மாமியார் அழுதார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷனுக்கு வாய்க்கொழுப்பு என்றால், அதை அடக்க வீட்டில் ஒருத்தருக்குமா துப்பில்லை?

மறுநாளே பஸ்ஸில் அந்தப் படத்தைப் போட்டேன். இதுவரை வீட்டில் எல்லாரும் அதில் அவர் முகத்தைத் தேடினார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் தப்பைத் தேடுவதுதான். கரையில் சண்டை முடிந்து பிணங்கள் கிடக்கின்றன. ஓரத்தில் ஒரு வீரன் குப்புறக் கிடக்கிறான். அவன் முதுகுப் பக்கம், இடுப்புக் கச்சையில், ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. நீல வார் பளிச்சென்று தெரிகிறது. நான் சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

சிரித்தது சரி, அது இவர்தான் என்று எப்படிச் சொல்வது? யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி தாம்பூலத் தட்டில் பத்திரிகையோடு வந்தார். மாமனார் உள் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் கூடத்தில் நின்றபடியே, உள்ளே இருந்தவரைக் கேட்டேன்.

"மாமா, அன்னிக்கி நடிக்கச் சொல்ல உங்க செருப்ப எங்க வுட்டீங்க?"

"இப்ப இன்னாத்துக்கு அது?"

"சும்மா சொல்லுங்களேன்."

"எங்க வுடறது? புதுச் செருப்பு. வெறுங்காலோட ஓடணும்னுட்டாங்க. மணல்ல வுட்டா எவனாவது மாட்டிகினு பூடுவான். பின்னாடி கச்சையில சொருகிகினேன்."

"வாரு இன்னா கலரு?"

"நீலம்."

"இது வேற புதுக் கதையா?" என்று தம்பி சிரித்தார். நான் போனில் அந்தக் காட்சியை நிறுத்தி, பெரிதாக்கி, அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மாமியார் எட்டிப் பார்த்து, "ஐயோ, அந்த நீலச் செருப்ப போட்டுகினுதானே என்ன பொண்ணு பாக்க வந்தாரு" என்றார். மாமனார் வெளியே வந்து நின்றார். குப்புறக் கிடக்கும் தன் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். ஜெயித்துவிட்டோம், வேறென்ன வேண்டும்?

தம்பி தட்டை எடுத்து மாமனாரிடம் நீட்டினார். "மாமா, தப்பா பேசிட்டேன். மன்னிச்சிக்கினு வந்து முன்னாடி நிக்கணும்."

"சட்ட நல்லதா ஒண்ணு எடுத்து வை," என்றார் மாமனார், மாமியாரைப் பார்த்து.

காதுகுத்து மண்டபத்தில் மாமனார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தத் தம்பி என் போனைப் பிடுங்கிக்கொண்டு, போன கல்யாணத்தில் சிரித்த அதே சம்பந்திகளிடம் ஒவ்வொருவராகப் போய்க் காட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லா பாருங்க. இடுப்புல செருப்பு கீது பாருங்க. அது எங்க மாமா."