குப்பியில் திரண்ட வெள்ளை

போடிநாயக்கனூருக்கு மேலே, ஏலத்தோட்டக் கூலிகளுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. 1913ஆம் வருஷம் அங்கே குப்பி கழுவியவள் ஆயம்மாள். முகமும் காலும் வீங்கியவர்களின் மூத்திரத்தை வாங்கிவருவதும் அவள்தான். டாக்டர் அதைக் கண்ணாடிக் குழலில் ஊற்றி விளக்கில் காய்ச்சுவார். சிறுநீரகம் கெட்டிருந்தால் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரித் திரளும். அவர்களுக்கு உப்பை நிறுத்திப் பால்கஞ்சி கொடுத்து, கூடுதல் நாள் பிழைக்கிறார்களா என்று பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி.

செய்வினைக்குப் பயந்து காலடி மண்ணைக்கூட அடுத்தவர் கையில் சிக்கவிடாத ஜனங்கள் அந்தக் கூலிகள். உடம்பிலிருந்து போனதை நெருப்பில் வைத்தால் உயிர் அல்லவா திரண்டு வெளியே வரும்! வெள்ளை கண்டவர்களில் பலர் செத்தும் போனார்கள். மேகம் இறங்கிய காலைகளில் குப்பியோடு ஆயம்மாள் வந்தால் பேச்சு நிற்கும். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். அவளுக்கோ சிரிப்பு.

"போங்கடி, பயந்தாங்கொள்ளிகளா!" என்பாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். ஐப்பசியில் ஒரு காலை, அவள் புருஷன் ராக்கையாவுக்குக் கண் திறக்க முடியாமல் முகம் ஊதியிருந்தது. டாக்டர் குப்பி கேட்டார். ராக்கையாவும் கொடுத்தான். அதை எடுத்துக்கொண்டு நடந்தவளின் கையில் குப்பி வெதுவெதுப்பாக, உயிரோடு இருப்பதுபோல் இருந்தது. இதையா நெருப்பில் வைப்பது? ஓடைக்கரையில் கொட்டிக் கழுவி, புதர் மறைவில் தன்னுடையதைப் பிடித்துக் கொண்டுபோனாள். நெருப்பு எடுத்தால் தன்னை எடுக்கட்டும் என்று நினைத்தாள்.

குழலில் முதலில் புகைபோலக் கலங்கியது. பிறகு வெள்ளை வெளேரென்று திரண்டது. அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ராக்கையாவுக்கு இனிமே உப்பே கூடாது. பால்கஞ்சிதான்" என்றார் டாக்டர்.

"சரிங்கய்யா." உண்மையைச் சொன்னால் அவனுடையதையும் காய்ச்சுவாரே என்று வாயை மூடிக்கொண்டாள்.

"உப்பில்லாம எவன் குடிப்பான்?" என்று ராக்கையா தினமும் சண்டை போட்டான்.

"வெரசா குடிங்க, சோலி கெடக்கு" என்று அதட்டிவிட்டு, இவள் உப்புக் கருவாட்டைக் கடித்துக்கொண்டு தன் கஞ்சியைக் குடிப்பாள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. அந்தப் பால்கஞ்சி அவளுக்கு வேண்டியது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

தை மாதம் ராக்கையாவின் வீக்கம் வடிந்தது. ஆயம்மாளின் கால் வீங்கத் தொடங்கியது. அவளுக்கு அதில் சந்தோஷம்தான். நெருப்பு அவனை விட்டுத் தன்னைத்தான் எடுக்கிறது என்று நிம்மதியாக இருந்தாள்.

சித்திரையில் மூச்சு முட்டிப் படுத்தவளைப் பார்க்க டாக்டர் வீட்டுக்கே வந்தார். கணுக்காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"ராக்கையா, இவளுக்கும் ஒரு குப்பி பிடிச்சுக் கொண்டா. காய்ச்சிப் பாக்கணும்."

ஆயம்மாள் ஊதிய முகத்தோடு புருஷனைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னோடத ஐப்பசியிலயே காச்சிட்டீங்களேய்யா" என்றாள்.