இருந்தால் மாற்று

எங்கள் ஆஸ்பத்திரியில் அவளைப் பாதாளம் என்றுதான் சொல்வார்கள். கம்ப்யூட்டர்கள் எல்லாம் அடித்தளத்தில் ஓர் அறையில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் அவளும் அங்கேயே இருக்கிறாள். ஜன்னல் கிடையாது. அந்த அறையின் ஏசி அடிக்கடி படுத்துக்கொள்ளும், எழுப்பிவிடுவது என் வேலை. அதனால் அவளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. தெரியாதவர்கள்தான் நிறையப் பேசினார்கள். புருஷன் ஓடிவிட்டான் என்று ஒரு கதை, ஓட்டிவிட்டாள் என்று இன்னொரு கதை. கல்யாணமே ஆகவில்லை என்பதுதான் உண்மை. அதில் சுவை இல்லாததால் நானும் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் அவளும் அவள் அப்பாவும் மட்டும். அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, இதயமும் தளர்ந்துபோன மனிதர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் எங்கள் மூன்றாவது மாடிக்கு வந்து, டயாலிசிஸ் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார். போவார் என்பது மரியாதைக்குச் சொல்வது. தூக்கிக்கொண்டு போவார்கள்.

உடம்பில் சேர்ந்த தண்ணீரை அந்த மெஷின் உறிஞ்சி எடுக்கும். மெதுவாக எடுத்தால் ஆள் பேப்பர் படித்துக்கொண்டே படுத்திருக்கலாம். வேகமாக எடுத்தால் கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும், கண் இருட்டும், பிரஷர் கயிறு அறுந்த வாளி மாதிரி கீழே போகும். அவருக்கு ஒவ்வொரு தடவையும் கயிறு அறுந்தது.

"பாப்பா, இந்த வேகத்துல நான் பஸ் ஓட்டியிருந்தா என்னைக்கோ லைசென்ஸைப் பிடுங்கியிருப்பானுங்க" என்பார், கீழே வாசலில் காத்திருக்கும் மகளிடம். வலியிலும் மனுஷனுக்குக் குசும்பு குறையவில்லை என்று எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அவர் சொன்னது நிஜம் என்று யாருக்கும் உறைக்கவில்லை, அதுதான் வினை.

வேகத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்றால், அவளுடைய பாதாளத்தில் இருக்கும் ஒரு ஃபங்ஷன். பந்தி போடுகிற ஃபங்ஷன் இல்லை. டேட்டாபேஸ் என்கிற பெரிய தகவல் கிடங்குக்குள் எழுதி வைத்திருக்கும் சின்னக் கணக்கு. நோயாளி யார், எவ்வளவு எடை ஏறியிருக்கிறது என்று இரண்டு விஷயம் கொடுத்தால், மணிக்கு எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்று பதில் தரும். டாக்டரின் திரை அதைக் கேட்கும். நர்ஸுக்குச் சீட்டு அச்சடிக்கும் புரோகிராமும் அதையே கேட்கும். சீட்டில் வந்த எண்ணை நர்ஸ் மெஷினில் வைப்பார்.

இதயம் பலவீனமானவர்களுக்கு வேகத்தைக் குறை, நேரத்தைக் கூட்டு என்று டாக்டர் புது விதி சொன்னார். பாதாளம் அன்றைக்கே உட்கார்ந்து ஃபங்ஷனை மாற்றினாள். இதயம் எப்படி என்று மூன்றாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்தாள். சொன்னால் எடுத்துக்கொள்ளும், சொல்லாவிட்டால் தானே கிடங்கில் தேடிக்கொள்ளும். எழுதி முடித்து, "இந்தப் பேரில் ஏற்கெனவே இருந்தால் மாற்று" என்ற கட்டளையைக் கொடுத்தாள். வெற்றி என்று பதில் வந்தது. டாக்டரின் திரையை மூன்று கேள்வியும் கேட்கும்படி திருத்திவிட்டு, அதில் அப்பாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். எண்ணில் கால்வாசி குறைந்திருந்தது.

அன்று எனக்கு டீ அவள் கணக்கில். "ஏசி அண்ணே, இனிமே எங்கப்பா நடந்து வீட்டுக்கு வருவாரு" என்றாள். நான் இரண்டு வடை சேர்த்தே சாப்பிட்டேன்.

அப்பா நடக்கவில்லை. முன்னைப் போலவே முறுக்கியது, முன்னைப் போலவே மயங்கினார். ஒரு மாதம் இப்படியே போனது. டாக்டர் அவளை அழைத்து உட்கார வைத்தார். உட்காரச் சொன்னாலே செய்தி நல்லதில்லை என்பது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

"வேகத்தைக் குறைச்சும் இப்படின்னா, உடம்பு தாங்கலைன்னுதான் அர்த்தம்மா. இனி அவர் இஷ்டம்."

அவர் இஷ்டத்தை அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டார். "போதும் பாப்பா. வண்டிய டெப்போல விட்டுடலாம்."

மெஷினை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சில நாட்கள், மிஞ்சிப் போனால் ஒரு வாரம். அவள் கெஞ்சினாள், சண்டை போட்டாள், சாப்பிடாமல் கிடந்தாள். மனிதர் அசையவில்லை. கடைசியில் பேரம் படிந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை வருவார். ஆனால் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும்.

அதுவரை அவள் ஒருநாளும் மேலே போய் உட்கார்ந்ததில்லை. அப்பா துடிப்பதைப் பார்க்க முடியாது. அதனால்தான் கீழே இருந்தே எண்ணைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் போனாள். சுவரோரம் வரிசையாக மெஷின்கள், வரிசையாக நாற்காலிகள், ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் ஆட்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மெஷினைப் பார்த்தாள். பச்சை எழுத்தில் வேகம் எரிந்தது. அவள் திரையில் பார்த்த எண் இல்லை. பழைய எண்.

"சிஸ்டர், இந்த ஸ்பீடு யார் வச்சது?"

"நான்தான். சீட்டுல என்ன வருதோ அதானே வைப்போம்."

"எப்பவுமே இதேதானா?"

"மாசக்கணக்கா இதேதான். ஏன், என்ன ஆச்சு?"

"குறைங்க சிஸ்டர். தப்பு. உடனே குறைங்க."

அந்த மாடிக்கே பெரிய சிஸ்டர் அவர், சட்டம் தெரிந்தவர், சீட்டில் இல்லாத எண்ணை வைக்க மாட்டார். டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் தன் திரையைப் பார்த்துவிட்டு, "இங்க கம்மியாத்தான் காட்டுது. பொண்ணு பயந்து போயிருக்கு, தண்ணி குடுத்து உட்கார வைங்க" என்றார். அவர் பார்த்ததும் பொய் இல்லை, சிஸ்டர் வைத்ததும் பொய் இல்லை. நடுவில் அப்பாவுக்குக் கால் முறுக்க ஆரம்பித்துவிட்டது.

"உட்காருன்னு சொன்னேன்ல" என்றார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"வந்துடறேம்ப்பா" என்று அவள் ஓடினாள். லிஃப்டுக்கு நிற்கவில்லை.

நான் அப்போது ஏணி மேல் நின்று ஏசியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வந்தவள் நாற்காலியில்கூட உட்காராமல் கீபோர்டைத் தட்டினாள். தட்டியவள் அப்படியே நின்றாள்.

"ரெண்டு இருக்கு அண்ணே."

"என்ன ரெண்டு?"

"ஒரே பேர்ல ரெண்டு ஃபங்ஷன். நான் மாத்தவே இல்ல. பழசு அப்படியே உக்காந்திருக்கு, பக்கத்துல புதுசு."

பேரை மட்டும் வைத்து அந்தக் கிடங்கு ஆளை அடையாளம் காணாதாம். பேரும், எத்தனை கேள்வி என்பதும் சேர்ந்துதான் அடையாளமாம். மூன்று கேள்வியோடு போனதும், இது வேறு ஆள் என்று புதிதாக உட்கார வைத்துவிட்டது. டாக்டரின் திரை மூன்று கேள்வி கேட்டது, புதுசு பதில் சொன்னது. சீட்டு புரோகிராம் இரண்டே கேள்வி கேட்டது, பழசு முந்திக்கொண்டு பதில் சொன்னது. எங்கள் பெரியப்பா வீட்டில் இப்படித்தான். புது மருமகள் வந்து வருஷமாகியும் சமையலறைச் சாவி பெரியம்மா இடுப்பில்.

"அப்ப பழசைத் தூக்கி எறிஞ்சிரு."

எறியப் பார்த்தாள். கிடங்கு விடவில்லை. இதை நம்பி மற்றவை இருக்கின்றன என்று மறித்தது. வலுக்கட்டாயமாக எறிந்தால் அதில் தொங்குகிற எல்லாமும் சேர்ந்து போய்விடும். மேலே வரிசையாக ஆட்கள் மெஷினில் கிடக்கிறார்கள். அவள் விரல் அந்தப் பொத்தானுக்கு மேலேயே நின்றதை ஏணியிலிருந்து பார்த்தேன். பிறகு எடுத்துக்கொண்டாள்.

பழசை அங்கேயே விட்டு, அதன் வயிற்றை மட்டும் மாற்றினாள். உன்னை யார் கேட்டாலும் நீ கணக்குப் போடாதே, புதியவனைக் கேட்டுச் சொல். நல்ல யோசனைதான். அவசரத்தில், புதியவனைக் கூப்பிட மூன்று கேள்வி வேண்டும் என்பதை மறந்து இரண்டே கேள்வியோடு கூப்பிட்டுவிட்டாள். பழசு தன்னையே கேட்டது. அது மறுபடி தன்னைக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டி நின்றது. போன் அடித்தது. பெரிய சிஸ்டர்.

"சீட்டு யாருக்குமே வரல. என்னம்மா பண்ற கீழ? உங்கப்பாவுக்கு பிரஷர் இறங்குது."

அந்தப் பெண் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். சத்தமே இல்லை. அழுதுகொண்டே தட்டினாள். எழுத்து தெரியாமல் கண்ணைத் துடைத்தாள், மறுபடி தட்டினாள். எனக்கு எட்டாம் வகுப்பு படிப்பு, அதுவும் பாதி. என்ன உதவி செய்ய முடியும்? ஏணியை விட்டு இறங்கி, வியர்வையில் இருந்தவளுக்கு அட்டையால் விசிறினேன்.

மூன்றாவது கேள்விக்கு "தெரியாது, நீயே தேடிக்கொள்" என்று வெறுமையாக வைத்துக் கூப்பிட்டாள். கட்டளையைக் கொடுத்தாள். வெற்றி என்றது. அவள் நம்பவில்லை. அந்த வார்த்தையை ஏற்கெனவே ஒருமுறை நம்பியிருக்கிறாள். படியேறி மேலே ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். என் மூட்டு இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறது.

சிஸ்டர் புதுச் சீட்டை எடுத்தார், பார்த்தார், இவளைப் பார்த்தார். மெஷினில் எண்ணைக் குறைத்தார். அடுத்து, இதயம் தளர்ந்த மற்றவர்களின் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நடந்தார். இந்த ஒரு மாதம் அவர்களும் துடித்தவர்கள்தான். அதில் ஒருவரின் நாற்காலி பத்து நாளாகக் காலி. அந்த நாற்காலியைப் பாதாளம் பார்த்தாள். அவர் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்த கதையை நானும் சொல்லவில்லை.

அப்பா கண்ணை மூடிக் கிடந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. அவர் காலை மடியில் எடுத்து வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்துக் கால் தளர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மெல்லிய குறட்டை வந்தது. அந்த நாற்காலியில் அவர் தூங்கியதை யாரும் பார்த்ததில்லை.

மற்றவர்களில் பாதிப் பேர் கிளம்பிப் போன பிறகுதான் கண் விழித்தார்.

"இன்னும் முடியலையா?"

"இல்லப்பா. மெதுவா எடுக்குது. இனிமே ஒரு மணி நேரம் கூட ஆகும்."

"கூடவா? எல்லா ஸ்டாப்புலயும் நின்னு போற வண்டில ஏத்திவிட்டுட்டியே."

அவள் காலை நீவுவதை நிறுத்தவில்லை. பயந்து பயந்து கேட்டாள். "நாளன்னிக்கு வருவீங்களாப்பா?"

அவர் பச்சை எண்ணைப் பார்த்தார்.

"பேப்பர் வாங்கிட்டு வா. இவ்ளோ நேரம் சும்மா எப்படி உக்கார்றது."