கொலோன் தெருவில் இறங்காமல் ஓட்டினேன்

ஜெர்மனி என்றாலே குளிர் என்று என் மனைவி பெட்டி நிறையக் கம்பளிச் சட்டைகளை அடுக்கியிருந்தாள். கொலோன் நகரத்தில் போய் இறங்கினால் எங்கள் மலாக்காவே தேவலாம் என்கிற வெயில். இரவு ஒன்பது மணிக்கும் சூரியன் போக மனமில்லாமல் நிற்கிறது.

மகள் அங்கே தாதி. அந்த ஊர்ப் பையனையே கட்டிக்கொண்டாள். சம்பந்தி ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், வாயைத் திறக்கவே யோசிப்பார். போன மறுநாளே எனக்கும் ஒரு சைக்கிளைக் கொடுத்து ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். மகளும் கூட வந்தாள்.

பாலத்து முனையில் ஒரு போலீஸ்காரர். என்ன செய்கிறேன் என்று தெரிவதற்குள் நான் சைக்கிளை விட்டு இறங்கி, இடுப்பு வரை குனிந்து கும்பிட்டாயிற்று. பின்னால் வந்த சம்பந்தி பிரேக் பிடித்த வேகத்தில் அவர் தொப்பி பறந்தது. போலீஸ்காரரோ தமக்குப் பின்னால் பெரிய மனிதர் யாராவது நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்க்கிறார்.

"அப்பா! மானம் போகுது, என்ன இது?"

சம்பந்தி ஏதோ சொன்னார்.

"என்னம்மா சொல்றார்?"

"ஒங்கப்பாவுக்கு சைக்கிள்ல ஏறத் தெரியுது, போகத்தான் தெரியலங்கிறார்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் நான் வேடிக்கைப் பொருளாகிவிட்டேனே!

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் எனக்குப் பத்தொன்பது வயது. புக்கிட் ரம்பாயில் மரவள்ளிக்கிழங்கு வாங்கி, மூட்டை கட்டி, காஜா பேராங் வீட்டுக்குச் சைக்கிளில் கொண்டு வருவேன். டியூப் கிடைக்காது. டயருக்குள் கயிற்றைத் திணித்துத்தான் ஓட்ட வேண்டும். வேகமாக மிதித்தால் கயிறு ஒரு பக்கமாகச் சுருண்டு டயர் கழன்றுவிடும். அதனால் நடக்கிறவனை விட மெதுவாக, ஆனால் விழாமல் போகப் பழகினேன். பக்கத்து வீட்டு மீன்காரர் சொல்வார்: "ஒன் பின்னாடி வந்தா என் மீனெல்லாம் கருவாடாயிரும்டா!"

வழியில் கிளேபாங் வளைவில் ஜப்பான் சிப்பாய் நிற்பான். இறங்கிக் குனிய வேண்டும். ஒருநாள் மூட்டைக் கனத்தில் இறங்கச் சற்றுத் தாமதம். காதோடு சேர்த்து ஓர் அறை விட்டான். பிற்காலத்தில் நான் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டேன். இத்தனை வருடம் கழித்துச் சைக்கிளில் ஏறியதும் உடம்பு அந்த வளைவுக்கே போய்விட்டது.

அந்தச் சனிக்கிழமை சம்பந்தியின் தெருவில் கோடை விழா. அதில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி. கடைசியாக வருகிறவர்தான் ஜெயித்தவர். கால் தரையில் பட்டால் அவுட். மூன்று வருடமாகச் சம்பந்திதான் ஜெயிக்கிறாராம்.

"நானும் ஓட்டுறேன்" என்றேன்.

"வேணாம்பா, மறுபடியும் இறங்கிடுவீங்க."

"இறங்கினா மலாக்காவுக்கு நடந்தே போறேன், போதுமா?"

ஏழு பேர் கிளம்பினோம். உச்சி வெயில். ஒவ்வொருவராகக் கால் ஊன்றினார்கள். பாதி வழியில் நானும் சம்பந்தியும்தான் மிச்சம். எனக்கென்ன, பின்னால் ஒரு மூட்டைக் கிழங்கு இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். எல்லைக் கோட்டில் விசிலும் கையுமாக நின்றவர் சீருடைக்காரர்! காது சுரீர் என்றது. வலது கால் மிதியை விட்டுக் கிளம்பியே விட்டது.

"அப்பா, கும்பிடாதீங்க!" என்று மகள் தெருவே அதிரக் கத்தினாள்.

அந்தச் சீருடைக்காரரின் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயசு. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நான் விழப்போகிறேனே என்று பதறிக்கொண்டிருந்தார். காலைத் திரும்ப மிதியில் வைத்தேன். சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடி நின்றது, பிறகு நகர்ந்தது. பக்கத்தில் சம்பந்தியின் செருப்பு தரையில் தேயும் சத்தம். நான் நிமிர்ந்த தலையோடு, அந்தப் பையனுக்கு ஒரு கையையும் ஆட்டிவிட்டு, கோட்டைத் தாண்டினேன்.

சம்பந்தி வந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

"எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேக்கிறார்பா."

"காஜா பேராங்னு சொல்லு!"

பரிசு ஒரு பெட்டி செர்ரிப் பழம். அதைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம். "இப்பவாச்சும் வேகமாப் போகச் சொல்றார்பா" என்று பின்னாலிருந்து மகள் கத்துகிறாள். நான் எதற்கு வேகமாகப் போகிறேன்? தெருவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.